புது சி.வி. ஜாயிண்ட் மாட்டும் முன் ஷாஃப்ட்டை எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும்?

தூத்துக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். முன்சக்கரங்கள் இழுக்கும் சிறிய கார், பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நகர்த்தினால் இடது முன்சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம், ஜாயிண்ட்டை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருந்தது. கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுற்றவைக்கும் ஷாஃப்ட்டைக் கழற்றி, சக்கரம் திரும்பினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டான வெளிப்பக்க சி.வி. ஜாயிண்ட்டையும் தட்டி எடுத்துவிட்டார். இப்போது கையில் இருப்பது துருவும் கருப்பு கிரீஸும் படிந்த ஒரு கம்பி. அதைப் பெட்ரோலில் கழுவினால் போதுமா, கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டிப் பளபளவென்று தேய்க்க வேண்டுமா, துருப்பிடித்த ஷாஃப்ட்டில் புது ஜாயிண்ட் நிற்குமா என்பது கேள்வி. கூடவே, அப்பாவின் பழைய பொலேரோவுக்குக் கிராஸ் (சிலுவை வடிவ மூட்டு) மாற்றும்போதும் இதே முறைதானா என்றும் கேட்டிருக்கிறார்.

எதில் கழுவுவது, எதனால் தேய்ப்பது என்று கேட்டிருந்தாலும், நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். எந்தத் துரு வெறும் அழுக்கு, எந்தத் துரு ஷாஃப்ட்டையே தூக்கிப்போடச் சொல்கிறது? அதுதான் உங்கள் சந்தேகம். ஆட்டோமொபைல் படித்துவிட்டு நெடுங்காலமாகப் பட்டறையில் இதே வேலையைச் செய்துவருகிறேன். என் பதில் இதுதான்: ஷாஃப்ட் பளபளக்கத் தேவையே இல்லை. நான்கு இடங்கள் மட்டும் குறையில்லாமல் சுத்தமாக இருக்க வேண்டும். ஜாயிண்ட் ஏறி உட்காரும் ஸ்ப்ளைன் பற்கள், ஜாயிண்ட்டைக் கழலாமல் பிடிக்கும் கம்பி வளையமான சர்க்ளிப் உட்காரும் காடி, பூட்டின் சின்ன வாய் கவ்வும் இடம், கியர்பாக்ஸ் பக்கத்தில் ஆயில் சீல் உரசும் இடம். மற்ற இடங்களில் சுத்தம் செய்வது, பள்ளமோ விரிசலோ இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதற்காகத்தான்.

நீங்கள் இருக்கும் ஊரை வைத்து முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உப்பளக் காற்றில் ஓடிய வண்டியின் துருவுக்குள் உப்பு இருக்கும். உப்பு பெட்ரோலில் கரையாது, டீசலில் கரையாது, பிரேக் கிளீனரிலும் கரையாது. தண்ணீரில்தான் கரையும். பெட்ரோலில் கழுவிய ஷாஃப்ட் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் துருவுக்கடியில் உப்பு அப்படியே இருக்கும். அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு பூட்டின் விளிம்புக்குக் கீழே மறுபடியும் அரிக்கத் தொடங்கும். அதனால் கடலோர வண்டிகளுக்கு என் வரிசை இது. மேலோட்டமாக இருக்கும் கிரீஸைத் துணியால் வழித்தெடுங்கள். உள்பக்க ஜாயிண்ட் இன்னும் ஷாஃப்ட்டிலேயே இருந்தால் அதன் பூட்டோடு சேர்த்துப் பாலிதீன் பையால் இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த வெந்நீரில் பிரஷ் போட்டு ஷாஃப்ட்டைத் தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, உடனே துடைத்துக் காற்றடித்து உலர்த்துங்கள். ஈரத்தோடு ஒரு மணி நேரம் விட்டால் புதுத் துரு வந்துவிடும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கரைப்பான் பக்கம் போக வேண்டும்.

பெட்ரோல் வேண்டாம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு அதிலிருந்து ஆவி கிளம்பும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படர்ந்து, பத்தடி தள்ளி இருக்கும் சுவிட்ச் பொறியைக்கூட எட்டும். நம் நாட்டுப் பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம் என்று விதியே சொல்கிறது. அது புற்றுநோய் தருவது, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். பட்டறைப் பையன்கள் பெட்ரோலில் கை கழுவுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். மண்ணெண்ணெயும் டீசலும் அந்த அளவுக்கு ஆபத்தில்லை. ஆனால் அவற்றுக்குக் குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை 35 டிகிரிதான், உங்கள் ஊர் சித்திரை வெயில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். அதனால் திறந்த வெளியில், நிழலில், பக்கத்தில் வெல்டிங்கோ அடுப்போ இல்லாத இடத்தில் வைத்துக் கழுவுங்கள்.

மண்ணெண்ணெய், டீசல் இரண்டுக்கும் இன்னொரு குறை உண்டு. கிரீஸைக் கரைத்துவிட்டு, தங்கள் பங்குக்கு ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அந்தப் படலத்தின்மேல் பூட் மாட்டினால் ரப்பர் வழுக்கும், ஜாயிண்ட்டுக்குள் போனால் புது கிரீஸை இளக்கும். எனவே இவற்றை முதல் கழுவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் துடைப்புக்கு பிரேக் கிளீனர் ஸ்ப்ரே நல்லது. அது ஆவியாகிப் போய்விடும், எதையும் விட்டுவைக்காது. மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் அந்தக் கடைசித் துடைப்புக்குப் போதும். பிரேக் கிளீனர் டப்பியில் குளோரின் கலந்தது என்று போட்டிருந்தால் மட்டும் கவனம் தேவை. அது அடித்த இடத்தை வெல்டிங் செய்தாலோ தீயில் காட்டினாலோ பாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு உண்டாகும். துரு தளர்த்தும் ஸ்ப்ரேயைக் கடைசித் துடைப்புக்குப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது எண்ணெய், கிளீனர் அல்ல.

இனி அந்த நான்கு இடங்கள். ஸ்ப்ளைன் பற்களைக் கையால் பிடிக்கும் வயர் பிரஷ் வைத்து, பல் ஓடும் திசையிலேயே தேயுங்கள். பித்தளைக் கம்பி பிரஷ் கிடைத்தால் இன்னும் நல்லது. கிரைண்டரை இந்த இடத்துக்குக் கொண்டுவராதீர்கள். பற்களின் மேல்தோல் சூடேற்றிக் குளிரவைத்துக் கடினமாக்கப்பட்டது. வயர் கப் வேகமாகச் சுற்றும்போது பல்லின் முனைகளை உருட்டிவிடும், ஃபிளாப் டிஸ்க் போட்டால் உலோகத்தையே எடுத்துவிடும். பல் தேய்ந்த அளவுக்கு ஜாயிண்ட் ஆடும். ஆடுகிற ஜாயிண்ட்டை எந்த கிரீஸாலும் நிறுத்த முடியாது. சுத்தம் செய்யும் முன்பே ஒன்றைக் கவனியுங்கள். பற்களின் இடுக்கில் காவிப்பொடி போல மெல்லிய செந்நிறத் தூள் இருக்கிறதா? தண்ணீர் பட்டு வந்த துரு பட்டைபட்டையாக உரியும். இந்தத் தூளோ இரண்டு உலோகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உரசியே வந்தது, அதாவது ஜாயிண்ட் ஏற்கெனவே ஷாஃப்ட்டில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. துடைத்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடும், அதனால்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன். எல்லாத் தேய்ப்பும் முடிந்ததும் புது ஜாயிண்ட்டை கிரீஸ் இல்லாமல், சர்க்ளிப் இல்லாமல் சும்மா ஏற்றி, இடதும் வலதுமாகத் திருகிப் பாருங்கள். கைக்கு ஆட்டம் தெரிந்தாலோ, பற்கள் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலோ அந்த ஷாஃப்ட் முடிந்தது. புது ஜாயிண்ட் வாங்கிய காசை அதில் போடாதீர்கள்.

சர்க்ளிப் காடிதான் பலரும் விட்டுவிடும் இடம். ஷாஃப்ட்டின் நுனியில் இருக்கும் அந்தச் சின்னப் பள்ளத்தில் காய்ந்த கிரீஸும் துருவும் கெட்டிப்பட்டு இருக்கும். அதன்மேல் சர்க்ளிப் போட்டால் அது முழுசாக உள்ளே அமுங்காது. ஜாயிண்ட் ஏறாமல் அடம் பிடிக்கும், நாம் சுத்தியலைப் பெரிதாக்குவோம். இல்லையென்றால் ஏறிவிடும், ஆனால் சர்க்ளிப் பிடித்துப் பூட்டு விழாது. அப்படிப் பூட்டு விழாத ஜாயிண்ட் ஒரு நாள் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாஃப்ட்டிலிருந்து கழன்றுவிடும். ஒரு மெல்லிய கொக்கி ஊசியாலோ, முனை தேய்த்த ஹேக்ஸா பிளேடு துண்டாலோ காடியைச் சுற்றிச் சுரண்டி, ஸ்ப்ரே அடித்து, டார்ச் வைத்துப் பாருங்கள். அடிப்பகுதி சதுரமாக, விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடாதீர்கள், புதியது சில ரூபாய்தான். மாட்டிய பிறகு ஜாயிண்ட்டை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். வராமல் நின்றால்தான் பூட்டு விழுந்தது என்று அர்த்தம்.

பூட்டின் சின்ன வாய் உட்காரும் இடத்தில் எமரித் தாள் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் திசை முக்கியம். ஷாஃப்ட்டின் நீளவாக்கில் தேய்த்தால் கீறல்கள் வாய்க்கால் போல, பூட்டை இறுக்கும் கிளாம்ப்புக்கு அடியில் ஓடி, கிரீஸ் வெளியே வரவும் தண்ணீர் உள்ளே போகவும் வழி செய்துவிடும். எமரியை நாடா போலக் கிழித்து, ஷாஃப்ட்டைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் மாறி மாறி இழுங்கள். 240 எண் தாளில் தொடங்கி 400-ல் முடித்தால் போதும். அப்புறம் விரல் நகத்தை அந்த இடத்தில் ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் சரி. தடுக்கி நின்றால் அந்தக் குழி வழியாகக் கசியும் என்று எடுத்துக்கொள்ளலாம். சிலர் அங்கே சிலிக்கான் சீலன்ட் தடவிச் சமாளிக்கிறார்கள். கொஞ்ச காலம் நிற்பதையும் பார்த்திருக்கிறேன், சீக்கிரமே கசிந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் அதை நம்பிச் செய்யுங்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

நான்காவது இடம் உள்பக்க ஜாயிண்ட்டின் கழுத்து, கியர்பாக்ஸ் ஆயில் சீலின் உதடு உரசும் இடம். இங்கே எமரி வேண்டாம் என்பதே என் பேச்சு. அந்தப் பரப்பைத் தொழிற்சாலையில் கோடு தெரியாமல் அரைத்து விட்டிருப்பார்கள். நாம் கையால் தேய்த்தால் சாய்வான சுருள் கோடு விழும். ஷாஃப்ட் சுற்றும்போது அந்தச் சுருள் ஆயிலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், சீல் புதிதாக இருந்தாலும் ஒழுகும். துணியும் கரைப்பானும் போதும். பழைய சீலின் தடம் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளமாக இருந்தால், அதைத் தேய்த்துச் சரிசெய்ய முயலாதீர்கள். ஷாஃப்ட் வெளியே இருக்கும் நேரத்தில் கியர்பாக்ஸின் துளையைச் சுத்தமான துணியால் அடைத்து வையுங்கள். சக்கரம் மாட்டும் ஹப்பில் ஷாஃப்ட் இல்லாமல் வண்டியைச் சக்கரத்தில் இறக்கி உருட்டவும் வேண்டாம். பல வண்டிகளில் வீல் பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த ஆக்ஸில் நட்டுதான்.

நடுப்பகுதித் துருவுக்கு வருகிறேன். மேலோட்டமான துருவாக இருந்தால் வயர் பிரஷ் போட்டு, துடைத்து, மெல்லிய கோட்டிங் பெயின்ட் அடித்தால் போதும். இங்கே கிரைண்டரில் வயர் கப் போட்டாலும் பெரிய கேடு வராது, கண்ணாடி மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். கவலை தரவேண்டியது குழிதான். முறுக்கு விசையை ஷாஃப்ட்டின் மேல்தோல்தான் அதிகம் சுமக்கிறது, மையம் கிட்டத்தட்ட ஒன்றும் சுமப்பதில்லை. முறுக்கைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது. 24 மில்லிமீட்டர் ஷாஃப்ட் சுற்றிலும் அரித்து 23 ஆனால் விட்டத்தில் குறைந்தது 4 சதவீதம்தான், ஆனால் வலுவில் குறைவது சுமார் 12 சதவீதம். அதற்கு மேல், கூர்மையான குழி ஒவ்வொன்றும் விரிசல் தொடங்க வசதியான இடம். குறிப்பாக ஸ்ப்ளைன் பற்கள் முடிந்து கம்பி தொடங்கும் இடத்தில் குழி இருந்தால் நான் அந்த ஷாஃப்ட்டை மாட்ட மாட்டேன். நடுவில் ஒன்றிரண்டு ஆழமில்லாத குழி இருந்து, மற்றதெல்லாம் நன்றாக இருந்தால் மாட்டுவேன். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட ஷாஃப்ட் என்றால் கையில் வைத்துப் பார்க்காமல் எவரும் உறுதியாகச் சொல்ல முடியாது, எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் சொல்லும் நானும் அப்படித்தான்.

துருவை எடுக்க ஆசிட் ஊற்றலாம் என்று உங்களுக்கு எவராவது சொல்லக்கூடும். கழிவறை கழுவும் ஆசிட்டில் ஊறவைத்தால் துரு போவது உண்மைதான். ஆனால் ஆசிட் இரும்போடு வினைபுரியும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அது கடினமாக்கிய எஃகுக்குள் புகுந்தால் எஃகு நொறுங்கும் தன்மைக்குப் போகும். பத்து நிமிடம் ஊறிய ஷாஃப்ட்டுக்கு அது எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. கண்டுபிடிக்க முடியாத ஆபத்தை ஒரு டப்பா ஸ்ப்ரேயின் விலைக்காக வாங்கிக்கொள்ள வேண்டாம்.

தேய்ப்பு வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் புது ஜாயிண்ட்டின் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புது ஜாயிண்ட் சீக்கிரம் கெடுவதற்கு நான் பார்த்த முதல் காரணம் மாட்டும்போது உள்ளே போன மண்ணும் எமரித் தூளும்தான். வெளிப்பக்க ஜாயிண்ட்டுக்குள் 6 குண்டுகள், ஒரு கூண்டு, நுண்ணிய இடைவெளி. எமரியின் மணல் எஃகைவிடக் கடினமானது. அது கிரீஸில் கலந்துவிட்டால் வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அதை உள்ளே அரைக்கும். தேய்த்த மேஜையைத் துடைத்து, கையைக் கழுவி, துணியையும் மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். உதிரும் பஞ்சு வேஸ்ட்டை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள், நூல் உதிராத பழைய பருத்தித் துணி நல்லது. புது ஜாயிண்ட்டைக் கழுவ வேண்டாம். அதில் பூசியிருக்கும் எண்ணெய் துருப்பிடிக்காமல் இருக்கத்தான், வெளியே இருப்பதை மட்டும் துடைத்துவிடுங்கள்.

முதலில் சின்ன கிளாம்ப், அப்புறம் பூட், இரண்டையும் ஷாஃப்ட்டில் ஏற்றிவிட்டுத்தான் ஜாயிண்ட். பூட் ஏற்றும் முன் ஸ்ப்ளைன் பற்கள்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள், பற்களின் கூர்மை பூட்டின் உதட்டைக் கிழிக்காது. ஏற்றியதும் டேப்பை உரித்து, பசை ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள். கிட்டோடு வரும் கருப்பு கிரீஸ் மாலிப்டினம் டைசல்பைடு கலந்தது. அந்தப் பை முழுவதையும் பயன்படுத்துங்கள், பாதி ஜாயிண்ட்டுக்குள்ளும் மீதி பூட்டுக்குள்ளும். வீல் பேரிங் கிரீஸை அதோடு கலக்காதீர்கள். உள்பக்க ஜாயிண்ட்டுக்குப் பல வண்டிகளில் வேறு கிரீஸ், அதையும் இதையும் மாற்றிவிடக் கூடாது.

தெளிவாகச் சொல்ல முடியாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஹப்புக்குள் போகும் ஸ்ப்ளைனில் கிரீஸ் தடவலாமா என்பது ஒன்று. கடலோரத்தில் அடுத்த முறை கழற்றும்போது துருவால் இறுகிவிடாமல் இருக்க நான் மிக மெல்லிதாகத் தடவுவேன். உலர்வாகத்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு, உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்வதே கடைசி வார்த்தை. நட்டு ஏறும் மரையில் மட்டும் மேனுவல் சொல்லாமல் எதையும் தடவாதீர்கள், தடவினால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு அதேதான், உண்மையில் விழும் இறுக்கம் கூடிவிடும். இரண்டாவது, பூட் மட்டும் கிழிந்து சத்தம் வராத பழைய ஜாயிண்ட்டைக் கழுவித் திரும்பப் போடலாமா என்பது. கிழிந்து சில நாள்தான் ஆகியிருந்து, பழைய கிரீஸை விரலிடுக்கில் தேய்த்தால் நறநறவென்று இல்லாமல், வெள்ளைத் தாளில் தடவி டார்ச் அடித்தால் உலோக மினுக்கும் இல்லாமல் இருந்தால் முயலலாம். உங்களுக்கு ஏற்கெனவே சத்தம் வந்துவிட்டது, எனவே அந்த வழி இல்லை. சில கார்களில் வெளிப்பக்க ஜாயிண்ட்டை ஷாஃப்ட்டிலிருந்து பிரிக்கவே கூடாது என்று மேனுவல் சொல்லும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவற்றில் இரண்டும் சேர்ந்தே மாற்ற வேண்டியவை.

ஜாயிண்ட்டின் வெளி வட்டத்தில், சக்கர வேகத்தை அளக்க உதவும் ஏபிஎஸ் பல்வளையம் இருக்கும் வண்டிகளில் அந்தப் பற்களையும் மென்மையாகச் சுத்தம் செய்யுங்கள். வளையம் இல்லாமல் பேரிங்கின் சீலிலேயே காந்தப் பட்டை இருந்தால், அதன் பக்கம் வயர் பிரஷையும் காந்தத் தட்டையும் கொண்டுபோகாதீர்கள்.

பொலேரோவின் கிராஸ் வேறு விதமான வேலை. அங்கே சுத்தம் செய்ய வேண்டியது, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் கிராஸ் உட்காரும் கவையான யோக்கின் துளைகள், கப்பைக் கழலாமல் பிடிக்கும் ஸ்னாப் ரிங்கின் காடிகள். கிராஸின் முனைகளில் இருக்கும் பழைய பேரிங் கப் இறுகி வெளிவரும்போது துளையின் விளிம்பில் பிசிறு எழும்பும். அதை மட்டும் மெல்லிய அரத்தால் தட்டிவிட்டு, துளையின் உள்சுவரை 400 எமரியால் லேசாகத் துடையுங்கள். துளையைப் பெரிதாக்கிவிட்டால் கப் தளர்ந்து சுற்றத் தொடங்கும். கழற்றும் முன், போல்ட் போட்டு இணைக்கும் தட்டுகளான ஃபிளேன்ஜ் இரண்டும் எந்த நிலையில் இருந்தன என்று அடையாளம் வையுங்கள். சாக்பீஸ் கோடு டீசல் கழுவலில் போய்விடும், ஃபிளேன்ஜ் விளிம்பில் சென்டர் பஞ்ச் எனும் கூர்முனை உளியால் ஒரு சின்னப் புள்ளி அடித்தால் நிற்கும். குழாய்ப் பகுதியில் ஒட்டியிருக்கும் சின்ன இரும்புத் துண்டு பேலன்ஸ் வெயிட். துருக்கட்டி என்று நினைத்து அதை உளியால் தட்டி எடுத்துவிட்டு, அப்புறம் வண்டி வேகத்தில் அதிர்கிறது என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். புது கப்பை அழுத்தும்போது உள்ளே இருக்கும் ஊசி உருளைகளில் ஒன்று சாய்ந்தாலும் ஸ்னாப் ரிங் காடிக்கு வராது, அப்போது சுத்தியலால் அடிக்காமல் கப்பைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

கார் வேலை முடிந்து ஒரு வாரம் ஓட்டிய பிறகு சக்கரத்தை முழுக்க ஒடித்து வைத்து, பூட்டின் சின்ன வாயைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள், சக்கரத்தின் உள்பக்க ரிம்மையும் பாருங்கள். முதல் தடவை லேசான கிரீஸ் ஈரம் இருந்தால் துடைத்துவிட்டு இன்னொரு வாரம் கழித்துப் பார்க்கலாம், மாட்டும்போது வெளியே பட்டதாகவும் இருக்கும். ரிம்மில் கருப்பாகக் கோடு கோடாகத் தெறித்திருந்தால் கிளாம்ப் பிடிக்கவில்லை அல்லது அந்த இடத்துக் குழி கசிகிறது. அப்போது கிளாம்ப்பை மேலும் நெரிக்காமல், கழற்றி அந்த இடத்தை மறுபடியும் நகத்தால் பார்த்துவிட்டு ஷாஃப்ட்டைப் பற்றி முடிவெடுங்கள்.